நாம் எழுதிக் கொடுத்த மே மாதம்

ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில் பள்ளிக் கல்வித் துறையிடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். கோடை விடுமுறையில் எந்தப் பள்ளியும் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருக்கும். பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாக அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம். அடுத்த வாரமே, பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய களைப்புகூடத் தீராத பிள்ளை காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும். யூனிஃபார்ம் வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வரச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ‘எங்கள் விருப்பத்தின் பேரில்’ என்று தொடங்கும் தாளில் நாம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்போம்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேச நமக்கு மனம் வந்ததில்லை. பள்ளி நிர்வாகங்களின் பேராசை, அரசின் மெத்தனம், நீட், கட்-ஆஃப் என்று குற்றம் சாட்ட எப்போதும் ஏதாவது இருந்தது. அவற்றின்மீது சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பதினைந்து வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளைக்கு வரும் கோடைகளைப் பறித்துப்போக யாரும் நம் வீட்டுக் கதவை உடைக்கவில்லை. நாமே எடுத்துக் கொடுத்தோம். பெற்றோர், ஆசிரியர், பத்திரிகையில் எழுதுகிறவர் எல்லோரும் இந்த ‘நாம்’ என்பதற்குள் இருக்கிறோம்.

இதில் நம் பங்கு பளிச்சென்று தெரியும் காலம் ஒன்று உண்டு. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-ல் சட்டம் போட்டு ஒழித்தது. நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளையும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே உள்ளே போகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அப்படி உள்ளே போனவர்கள் ஏராளம். பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு தேர்வு இறங்கியது. இறங்கிய இடத்தில் நாம் வேறொன்றை ஏற்றினோம். பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளிகளைத் தேடிப் போனோம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் பெயர் தென்கோடி மாவட்டத்து டீக்கடைவரை தெரிந்தது நம்மால்தான். ராமநாதபுரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேன் பிடித்துப் போய், இடம் கிடைக்குமா என்று வரிசையில் நின்றோம். விடிவதற்கு முன்பே எழுப்பி ஸ்டடி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஸ்டடி, நாள்தோறும் ஒரு டெஸ்ட், பிள்ளையைப் பார்க்க எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். ‘கண்டிப்பான ஸ்கூல்’ என்று மெச்சிக்கொண்டு திரும்பினோம். லீவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல பள்ளி என்பது அந்த நாட்களில் நம்மிடையே உருவான அளவுகோல்.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்காக 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு வந்தது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கமும் 2017-ல் நின்றது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு எதிராக நிறுத்தும் பட்டியல் போனதில் நாம் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. பள்ளி வாசலில் மதிப்பெண்ணோடு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது நாம். அதே ஆண்டில்தான் நீட் தமிழ்நாட்டு அரசு மருத்துவ இடங்களுக்கும் கட்டாயமானது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று பொதுத்தேர்வு, அதன் பக்கவாட்டில் ஒரு நுழைவுத் தேர்வு. மூச்சு விட மிச்சமிருந்தது கோடை மட்டும். அதையும் பயிற்சி மையம் கேட்டது, நாம் கொடுத்தோம். ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டபோதும் கொடுத்தோம்.

ராஜஸ்தானின் கோட்டா நகரில் பயிற்சி மாணவர்களின் தற்கொலைகள் நாட்டை உலுக்கிய பிறகு, 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கட்டாயம் என்று அதில் இருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொண்டு போய் ஒரு மையத்தின் முன்னறையில் கேள்வி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் உண்டா என்று கேட்டு, உண்டு என்ற பதிலில் திருப்தி அடைந்தவர்கள்தான் அதிகம்.

நமக்குச் சொல்ல ஆளில்லாமல் போகவில்லை. சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். அங்கே 1989-ல் அவர் ஆற்றிய முதல் உரை முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. புத்தகப் பையின் கனம், விடியலில் தொடங்கி இரவுவரை ஓடும் பிள்ளையின் நாள், விளையாட நேரமில்லாத வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். அதைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தின் விளைவாக யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ‘சுமையற்ற கற்றல்’ என்ற அதன் அறிக்கை 1993-ல் வந்தது. பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதன் சுமை கொடியது என்பது அதன் சாரம். அதே காலகட்டத்தில், குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. ஓய்வும் விளையாட்டும் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அதன் 31ஆவது பிரிவு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஓய்வு பிள்ளையின் உரிமை என்று நம் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நாம் பார்த்துக் கொடுப்பது, மதிப்பெண் குறைந்தால் திரும்ப எடுத்துக்கொள்வது என்றுதான் அதை வைத்திருந்தோம்.

உறக்கத்தில் நாம் செய்தது இன்னும் கடுமை. பதின்ம வயதில் உடலுக்குள் இருக்கும் கடிகாரமே தள்ளிப்போகிறது. உறக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் இரவு பதினொன்றுக்கு முன்னால் அந்த வயதுக்குத் தூக்கம் வருவது கடினம், விடியலில் எழுவதும் கடினம். 13 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ல் வரையறுத்தது. பகலில் படித்தது மூளையில் பதிந்து நிலைப்பதற்கே அந்த உறக்கம் வேண்டும். நாமோ நாலரை மணிக்கு அலாரம் வைத்தோம். விடியலில் படித்தால்தான் மனசில் நிற்கும் என்று நம் தாத்தா சொன்னதை அப்படியே ஒப்பித்தோம். அவர் எட்டு மணிக்கே படுத்தவர் என்பதை மறந்தோம். பத்து மாதமும் உறக்கம் குறைந்த ஒரு பிள்ளை மே மாதத்து முதல் வாரத்தில் பகல் பதினோரு மணிவரை தூங்கினால், அதன் உடல் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது. நாம் போர்வையை இழுத்து, “எருமை மாடு மாதிரி தூங்குறியே” என்று எழுப்பினோம்.

ஆசிரியர்களாகவும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொண்டோம். ‘போர்ஷன் முடியல’ என்பது எந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுவதாக நினைத்தோம். நூறு சதவீதத் தேர்ச்சி, பாடத்தில் சென்டம் என்று மேலிருந்து வந்த இலக்கை வகுப்பறைக்குள் அப்படியே இறக்கினோம். தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியைக்கு மே மாத வகுப்பை மறுக்கும் வலு இல்லை என்பது உண்மை. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் சங்கம் வைத்து, ஊதியத்துக்கும் பணி மாறுதலுக்கும் சாலையில் இறங்கத் தெரிந்த நாம், பிள்ளைகளின் விடுமுறைக்காக எந்தத் தீர்மானத்தையும் உரக்கச் சொல்லவில்லை. தேர்வில் தவறிய பிள்ளைகளைத் துணைத்தேர்வுக்குத் தயார்செய்ய மே மாதத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது வேறு. அதைச் செய்யும் அரசுப் பள்ளி ஆசிரியர்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பது பாவம். ஓர் ஆண்டு வீணாகாமல் கைதூக்கிவிடும் வேலை அது.

பத்திரிகையில் இருக்கும் நம்மையும் விட முடியாது. தேர்வு முடிவு வரும் காலையில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகிறோம். அம்மா அந்தப் பிள்ளைக்கு இனிப்பு ஊட்டுவதைப் படமெடுக்கிறோம். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க?” என்று கேட்கிறோம். போன கோடையில் என்ன செய்தாய், எதை விட்டுக்கொடுத்தாய், யாரோடு விளையாடினாய் என்று நாம் கேட்டதில்லை. முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்த நாளிலேயே உள்பக்கத்தில் பயிற்சி மைய விளம்பரம் வந்தது. அந்தப் பணத்தில் நம் சம்பளமும் இருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் தேர்வு காரணமில்லை என்றாலும் அந்த எண்ணை நாம் பெட்டிச் செய்தியாகப் போட்டுக் கடந்தோம். தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகள் மனம் உடையாதிருக்க 104 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும் என்று அரசு அறிவிக்க வேண்டியிருக்கிறது. உயிர் பிழைத்திருக்க ஒரு தொலைபேசி எண் தேவைப்படும் நாளாக அதை ஆக்கியதில் நம் கையும் இருக்கிறது.

விடுமுறையைப் பற்றி எழுதும்போது நுங்கு, பதநீர், பாட்டி வீடு என்று உருகுவது நமக்கு எளிது. அது எல்லோருக்கும் வாய்த்ததில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கோடை என்பது வடகம் பிழிவதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும், வாசலைத் தாண்டினால் கேள்விக்கு ஆளாவதுமாக இருந்தது. இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு போகும்போது அவளுக்கு எங்கே போக உரிமை இருக்கிறது என்று நாம் யோசிக்கவில்லை. ஏழை வீட்டுப் பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, கல்யாண சமையல் குழுவுக்குப் பந்தி பரிமாறவோ போய் ஜூன் மாதத்து நோட்டுக்கும் செருப்புக்கும் சம்பாதித்தான். பதினான்கு வயது முடிந்தவர்களுக்கு ஆபத்தான வேலைகளை மட்டுமே சட்டம் தடுக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட பிறகும் அவ்வளவுதான். ஆக, ஒரு பிள்ளையின் கோடையைச் சிறப்பு வகுப்பு தின்றது, இன்னொரு பிள்ளையின் கோடையை அடுப்படியும் கூலியும் தின்றன. முதலாவதைப் பற்றி மட்டும் பேசுவதும் நம் புறக்கணிப்பின் ஒரு வகைதான்.

மே மாதத்தில் நாம் கற்றுக்கொடுக்கத் தவறிய ஒன்று மட்டும் உயிரைக் கேட்கிறது. முன்பு இடுப்பில் கயிற்றைக் கட்டியோ, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ கிணற்றில் இறக்கிவிடுவார்கள். சித்தப்பாவோ தாய்மாமனோ மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நாலு நாள் தண்ணீர் குடித்து, ஐந்தாம் நாள் கை கால் அடிக்கத் தெரிந்துவிடும். அந்தக் கிணறுகள் பலவற்றில் இன்று தண்ணீர் இல்லை. இருக்கும் ஊரிலும் மாமனுக்கு நேரமில்லை, பிள்ளைக்கும் நேரமில்லை. வகுப்பு இல்லாத ஒரே ஒரு நாள் கிடைத்ததும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, யாருக்கும் நீந்தத் தெரியாமல், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிறார்கள். குவாரித் தண்ணீரில் சரிவு கிடையாது; கால் வைத்த அடுத்த அடியே ஆழம். ஒருவன் முழுக, காப்பாற்றப் போனவனும் முழுகுகிறான். ஒவ்வொரு கோடையிலும் இந்தச் செய்தி நமக்கு வருகிறது. ‘பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்று கடைசி வரி எழுதுகிறோம். வேதியியல் சமன்பாட்டுக்குக் கொடுத்த இரண்டு வாரத்தை நீச்சலுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் சிலராவது கரையேறியிருப்பார்கள். இதைவிட நேரான குற்றச்சாட்டு நம்மீது இல்லை.

பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று புலம்புகிறோம். அவர்கள் வெளியே போக நாம் எதை விட்டுவைத்தோம்? தெருவில் கார் நிறுத்தினோம். ஊர்ப் பொது இடத்தில் பந்து சன்னலில் பட்டதற்காகப் பிள்ளைகளை விரட்டினோம். இப்போது மணிக்கணக்கில் பணம் கட்டி ஆடும் டர்ஃப்தான் பல ஊர்களில் மைதானம். பணமில்லாத பிள்ளை வலைக்கு வெளியே நிற்கிறது. உலக அளவில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று 2019-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு கண்டது. நாளுக்கு 60 நிமிடம் ஓடியாடினால் போதும் என்பதே அந்த அளவுகோல். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் கால்பந்து மைதானங்கள் சிலவற்றைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வாங்கத் தீர்மானம் போட்டபோது எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் கைவிடப்பட்டது. குரல் எழுப்பினால் நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. விடுமுறைக்காக அப்படியொரு குரலை நாம் எழுப்பவில்லை.

சிலர் விடுமுறை கொடுத்தோம் என்றும் சொல்வோம். காலையில் கீபோர்டு, பத்து மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ், மாலையில் கோடிங், வாரக் கடைசியில் ஓவியம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்த விடுமுறை அது. பிள்ளை கேட்டுச் சேர்ந்திருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவட்ட விளையாட்டரங்குகளில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமிலிருந்து ஓட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஜவகர் சிறுவர் மன்றத்தில் பறையும் பரதமும் சிலம்பமும் கற்றுக்கொண்டு அதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்களும் இருப்பார்கள். ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பு முடித்ததும் டைப்ரைட்டிங் லோயருக்கு அனுப்புவார்கள். ஒரு மணி நேரம் தட்டிவிட்டு, சைக்கிளில் நாலு தெரு சுற்றிவிட்டு வீடு திரும்பினால் மீதி நாள் அவரவருடையது. அந்த மீதி நாளைத்தான் நாம் பொறுக்க முடியாமல் நிரப்பினோம். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் நமக்கு ஏற்பட்ட பதற்றத்தைப் பிள்ளையின் எதிர்காலத்தின்மீதுள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டோம். தனக்கு என்ன பிடிக்கும் என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிப்பது அப்படிச் சும்மா இருக்கும் மதியத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, “என்ன படிக்கப் போறே?” என்று கேட்டால், “தெரியல, நீங்களே சொல்லுங்க” என்கிறதே, அந்தப் பதில் நாம் நிரப்பிய மதியங்களிலிருந்து வருகிறது.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என்றார்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஒரு வருடம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதற்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு கோடைகள். 2006-ல் இப்படி ஒரு தேர்வு போனபோது அந்த இடத்தை என்ன செய்தோம் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தை மறுபடி ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூவைச் சீக்கிரம் ஆரம்பிக்கும் பள்ளி எது என்ற விசாரிப்பு நம்மிடையே கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த விசாரிப்பை நாம் நிறுத்தினால் போதும், அதை விற்க முன்வரும் பள்ளிக்கு வாடிக்கையாளர் இருக்கமாட்டார்.

அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரே பெரும்பான்மை. தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. பாடவேளை அட்டவணையில் பி.டி. பீரியட் எத்தனை, அவை உண்மையில் நடந்தனவா, மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, பெண் பிள்ளைகள் விளையாட இடமும் நேரமும் உண்டா, கோடையில் அருகிலுள்ள நீச்சல்குளத்துக்கோ நூலகத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப்போக முடியுமா என்று கேட்கும் இடம் அது. இப்படிக் கேட்டவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். கூட்டத்தில் எழுந்து, “மே மாசம் புள்ளைங்களை விட்டுடுங்க சார்” என்றார்கள். அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த நாம் தலையைக் குனிந்துகொண்டோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், “அவங்க புள்ளை படிக்காது போல, அதான் பேசுறாங்க” என்று சொன்னவர்களும் நாம்தான். அவர்களில் சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள், சிலர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. நம் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை முதலில் அந்தப் பெற்றோரிடம் போய்க் கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எழும்போது நாமும் எழலாம்.